இறக்குங்கள் என்று சொன்ன குரல்

அந்த நாடக அரங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் வரியக்கா. மேடையில் நிற்பவர்கள் வசனம் மறந்து திணறும்போது அடுத்த வரியை மெல்ல எடுத்துக்கொடுப்பது அவளுடைய வேலை. புதிதாகச் சேர்ந்த நடிகன் ஒருவன், "வரியக்கா வர்றாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "இன்னும் முதல் சம்பளமே வரல, அதுக்குள்ள வரி கேக்க வந்துட்டாங்களா?" என்று பதறியதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், ஆள் உட்காரும் ஆழத்துக்கு ஒரு குழி. அதன் மேல், பார்வையாளர்கள் பக்கம் மறைத்தாற்போல் ஒரு மரக்கூடு. உள்ளே ஒரு முக்காலி, ஒரு சின்ன விளக்கு, நாடகப் பிரதி. அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் முகம் சரியாகத் தெரியாது, கால்தான் தெரியும். அவளுக்கு அது போதும். வசனம் மறக்கப்போகிறவனுக்கு நாக்கு தடுமாறும் முன்பே கால் கட்டைவிரல் மடங்கிவிடும் என்பாள். அவள் வேலை செய்யும் விதமும் தனி. நாடகம் தொடங்கியது முதல் முடியும்வரை, யார் பேசினாலும், அவள் உதடுகளும் கூடவே அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், சத்தமில்லாமல். யாராவது தடுக்கினால் அந்த உதட்டசைவுக்குக் கொஞ்சம் மூச்சைக் கொடுப்பாள். நடிகனுக்கு மட்டும் கேட்கும். முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடம் போகிற வயசு. அவனை ஆளாக்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது அப்படியே நின்றுபோயிற்று. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை, பெருமையடித்துக்கொண்டதும் இல்லை. படிப்பு ஏறாத தம்பியை அதே அரங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். மேடைக்கு அடியில் அவனுக்கு வேலை. மேலே இருப்பதைக் கீழே இறக்குவது, கீழே இருப்பதை மேலே ஏற்றுவது, கயிறு, கப்பி, கைப்பிடி. அவனுக்குப் பாதாளம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உங்க தம்பி எங்கக்கா?" என்று கேட்டால், "பாதாளத்துல இருக்கான், கூப்பிட்டா வருவான்" என்பாள்.

தம்பிக்கு மனைவி வந்தாள், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அந்த அரங்கின் பேரும் புகழும் ஒரு பழைய துன்பியல் நாடகத்தால் வந்தது. ஊர்க் கிணறுகளில் நஞ்சு கலந்துவிட, சனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். கலந்தவனை உயிரோடு மண்ணுக்குள் இறக்குவேன் என்று அரசன் சபையில் ஆணையிடுகிறான். யார் என்று துருவித் துருவி விசாரிக்கிறான். தோண்டிக்கொண்டே போனால், சுரங்கத்துக் கழிவை மலையடிவாரத்தில் கொட்டச் சொல்லி அவனே எப்போதோ இட்ட ஒரு கட்டளையில் போய் முடிகிறது. கடைசிக் காட்சியில் அரசன் குழியின் விளிம்புக்கு வந்து, பலகையில் ஏறி நின்று சொல்வான்: "என் தீர்ப்பு எனக்கும் உண்டு. இறக்குங்கள்." பலகை அவனோடு மேடைக்குள் இறங்கும். விளக்கு அணையும்.

அரசனாக நடித்தவரை ராஜா என்றே அழைத்தார்கள். வயதாகியும் குரல் குன்றாத மனிதர். வரியக்காவிடமிருந்து ஒரு வரிகூட வாங்காத ஒரே நடிகர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லவும் செய்வார். அந்தக் கடைசி வரியை அவர் முழங்க மாட்டார். நீண்ட நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அடிக்குரலில், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்வார். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும். பலகையை இறக்க முன்பெல்லாம் மேடைக்கு அடியில் ஒரு பல்பு எரியும். ராஜாதான் அது வேண்டாம் என்றார். "பல்பைப் பாத்து இழுத்தா ஒரு நொடி பிந்திடுது. என் குரல்தான் உனக்கு சைகை. காதைத் தீட்டி வெச்சுக்கோ" என்று பாதாளத்திடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. அதிலிருந்து தம்பி இருட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி 'இறக்குங்கள்' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பான்.

அன்றைக்கும் கடைசிக் காட்சி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ராஜா விளிம்புக்கு வந்தார். வலது காலைப் பலகையில் வைத்தார். இடது கால் இன்னும் மேடையில் இருந்தது. அப்படியே நின்றார். வழக்கமாக இரண்டு காலையும் வைத்துவிட்டுத்தான் நிற்பார். இன்றைக்கு ஏதோ புதுசாகச் செய்கிறார் என்று நினைத்தபடி வரியக்கா அந்த இரண்டு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. இதற்கு முன் அவர் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. திடீரென்று வலது பாதம் கீழே போனது. இடது பாதம் மேடையிலேயே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மரம் முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. முறிந்தது மரம் அல்ல.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அரசன் இப்படித்தான் விழ வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓயும்வரை கீழே இருந்து வந்த முனகல் யாருக்கும் கேட்கவில்லை.

ராஜாவுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்துபோயின. இனிப் பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். போலீஸ் வந்து பாதாளத்தைக் கூட்டிக்கொண்டு போய், கவனக்குறைவு என்று வழக்குப் பதிந்து, ஜாமீனில் விட்டது. அரங்க நிர்வாகம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவை விசாரணைக்கு வரவழைத்தது. அவர் என்ன முடிவு சொல்கிறாரோ அதைத்தான் கோர்ட்டும் பார்க்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ராஜா கட்டிலில் படுத்தபடியே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். 'நான் அந்த வரியைச் சொல்லவே இல்லை. சொல்வதற்கு முன் நிறுத்தி நின்றேன். அதற்குள் பலகை இறங்கிவிட்டது.' பாதாளம் கொடுத்தது இன்னும் சுருக்கம். 'கைப்பிடியை இழுத்தது நான். தப்பு என்னுடையது.'

"இது என்ன வாக்குமூலம்?" என்று கொதித்தவள் அவன் மனைவிதான். சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துக்கொண்டே வரியக்காவிடம் முறையிட்டாள். "நீங்களாவது கேளுங்க அண்ணி. இவருக்கு வாக்கப்பட்ட நாள்லேருந்து இவரு பேசுனதையெல்லாம் சேத்து வெச்சாலும் ஒரு சீனுக்குத் தேறாது. இப்ப பேசவேண்டிய நேரத்துல 'தப்பு என்னுது'ன்னு முடிச்சுட்டாரு. புள்ளை முகத்தைக்கூடப் பாக்கலையே இந்த மனுஷன்!"

வரியக்கா தம்பியின் எதிரில் உட்கார்ந்தாள். "குரல் கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு கேட்டுச்சு?"

"'இறக்குங்கள்'னு கேட்டுச்சு."

"அப்ப ராஜா சார் சொல்லியிருக்காரு. சொல்லிட்டு இல்லன்றாரு."

"அப்படின்னு நான் சொன்னேனா?"

"வேற யாருடா சொல்வா? பேயா பிசாசா?"

தம்பி தலையைத் தூக்கி அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல இருந்தது. "சாப்பிடுக்கா, ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் குணம் உண்டு. அடி வாங்கினால்கூட யார் அடித்தது என்று சொல்ல மாட்டான். ராஜாவுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். அவன் பேசாவிட்டால் என்ன, தான் பேசலாம். காலமெல்லாம் அடுத்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள், கூடப் பிறந்தவனுக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாதா?

வக்கீல் அம்மா மேனேஜரின் அறையில் உட்கார்ந்து விசாரித்தார். குரலை உயர்த்தாத மனிதர். "நீங்க அந்த நேரத்துல ஏதாவது சொன்னீங்களா?" என்று அவளைக் கேட்டார்.

"நான் வாயே திறக்கல மேடம். அந்த வரிக்கு அவருக்கு எடுத்துக் குடுத்த வழக்கமே கிடையாது. வேணும்னா சத்தியம் பண்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம்."

"என் தம்பி காது தப்பாக் கேக்காது மேடம். யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு தெரியணும். அன்னிக்கு யார் யார் எங்கே இருந்தாங்களோ, அங்கேயே திரும்ப நிக்க வெச்சுப் பாருங்க. மேல சொன்னாக் கீழ கேக்குதான்னு நீங்களே கீழ வந்து நின்னு கேளுங்க. அவன் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுபோகும்."

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. ராஜா பொய் சொன்னார் என்று வந்துவிட்டால் அரங்கத்தின் மானம் என்ன ஆவது? "அக்கா, அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு..." என்று இழுத்தார். வக்கீல் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே செய்வோம்" என்றார்.

விஷயம் தெரிந்ததும் தம்பி அவளைத் தேடிக்கொண்டு வந்தான். மாடிப்படியில் வழிமறித்து நின்றான்.

"அக்கா, உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன். இதோட விட்டுடு."

"உன்னைக் கோர்ட்டுல நிக்க வெச்சுட்டு நான் குழிக்குள்ள உக்காந்து ஊரானுக்கு வசனம் சொல்லிட்டிருக்கணுமா?"

"மிஞ்சிப்போனா வேலை போகும். அவ்வளவுதானே?"

"வேலை போறது உனக்கு அவ்வளவுதானா? பொண்டாட்டி புள்ளை இல்ல உனக்கு? செய்யாத தப்புக்கு ஒருத்தன் தலை குனியறதை என்னால பாத்துட்டிருக்க முடியாது. அது நீயா இல்லாட்டியும் முடியாது."

"சில விஷயத்தைத் தோண்டாம இருக்கறதுதான் நல்லதுக்கா."

"தோண்டுனா யாருக்கு வலிக்குமோ அவங்களுக்கு வலிக்கட்டும்" என்று சொல்லி அவனை விலக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.

நாடகத்தில் மந்திரி அரசனிடம் இப்படித்தான் மன்றாடுவான். மந்திரியின் மன்றாடலும் அரசனின் மறுப்பும் அவளுக்குக் கரைத்துக் குடித்த பாடம். இருந்து என்ன? தனக்கென்று வரும்போது அதை வசனம் என்று யாருக்குத் தோன்றுகிறது?

குறித்த நாளில் அரங்கத்தின் கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். ராஜாவின் இடத்தில் மேனேஜர். பலகை தவறிக்கூட இறங்காதபடி இரும்புக் கம்பி கொடுத்துப் பூட்டியிருந்தார்கள். ஆனாலும் மேனேஜர் காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். "சின்ன வயசுல ராஜா வேஷம் கட்டணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. அது இப்படியா நிறைவேறணும்?" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் அம்மா டார்ச் விளக்கோடு மேடைக்கு அடியில் இறங்கி பாதாளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். வரியக்கா குழிக்குள் முக்காலியில் உட்கார்ந்து சின்ன விளக்கைப் போட்டாள்.

மேனேஜர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அரசனின் கடைசிப் பேச்சை வாசித்தார். செய்தி வாசிப்பதுபோல இருந்தது. ஆனாலும் வசனம் வசனம்தானே. அவள் கண் மேனேஜரின் பாதங்களுக்குப் போனது. உதடுகள் தாமாகவே வசனத்தோடு சேர்ந்துகொண்டன. "எவன் நீரைக் கெடுத்தானோ அவனை மண் ஏற்றுக்கொள்ளட்டும்" என்ற இடம் வந்தது. மேனேஜர் வலது காலைப் பலகையில் வைத்தார். தான் கூப்பிடும்வரை அப்படியே நிற்க வேண்டும் என்று வக்கீல் அம்மா அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். அது வரியக்காவுக்குத் தெரியாது. மேனேஜர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அரங்கம் காலியாக இருந்ததால் அந்த அமைதி இன்னும் பெரிதாக இருந்தது.

"போதும். எல்லாரும் அசையாம இருங்க." வக்கீல் அம்மாவின் குரல் கீழே இருந்து வந்தது. "இப்ப 'இறக்குங்கள்'னு சொன்னது யாரு?"

"நான் இல்ல மேடம்" என்றார் மேனேஜர் பதறிப்போய். "நீங்க நிக்கச் சொன்னீங்க, நான் நின்னேன்."

"அவருதான் மேடம்!" இது தம்பியின் குரல். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "மேனேஜர்தான் சொன்னாரு. மேலேருந்துதான் வந்துச்சு. நான் கேட்டேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் பொய் அது. குழிக்குள் இருந்த வரியக்கா தன் வாயைக் கவனித்தாள். உதடு பிரிந்திருந்தது. நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டு மடிந்து நின்றது, ஒரு சொல்லைச் சொல்லி முடித்த இடத்திலேயே. உள்ளே இருந்த மூச்சு வெளியே போயிருந்தது. சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் சொல்லிய வாய் அவளுடையது.

"நான்தான்" என்றாள்.

வக்கீல் அம்மா டார்ச்சைத் திருப்பினார். குழியின் மேடைப்பக்கச் சுவரில் இரண்டு பலகை இல்லை. அந்த இடைவெளியில் வரியக்காவின் முழங்கால்கள் தெரிந்தன. எட்டினால் தொட்டுவிடலாம்.

"இதை யாரு கழட்டினது?"

"நான்தான்" என்றான் தம்பி. "வெயில் காலத்துல உள்ள வெந்துபோகும். அக்காவுக்குக் காத்து வரட்டும்னு கழட்டினேன்." பிறகு மெதுவாகச் சொன்னான். கைப்பிடியை இழுத்த கையோடு அவனுக்குத் தெரிந்துவிட்டது, குரல் தலைக்கு மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது என்று. ராஜா அந்த வரியை அடிக்குரலில்தான் சொல்வார். குசுகுசுப்பில் ஆண் குரல், பெண் குரல் என்று பேதம் தெரியாது.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?" என்று வரியக்கா அந்த இடைவெளி வழியாகக் கேட்டாள்.

"என்னை வளத்தவளை நானே கை காட்டணுமா?" என்றான்.

அன்று மேனேஜரின் அறையில் வக்கீல் அம்மா அவளை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். தம்பிக்கு இனிப் பயமில்லை. சைகைச் சொல் அவன் காதில் விழுந்தது, அவன் இழுத்தான். அவன் வேலை அதுதான். போலீஸ் வழக்கும் நிற்காது. "மிச்சம் இருக்கறது நீங்கதான்" என்றார். "அவரு வசனத்தை மறந்துட்டு நின்னிருந்தா, நீங்க எடுத்துக் குடுத்தது உங்க வேலை. அதுல தப்பு சொல்ல முடியாது. மறக்காம நிறுத்தி நின்னிருந்தா, தேவையில்லாத இடத்துல பேசி ஒரு மனுஷனை விழ வெச்சது நீங்கன்னு ஆகும். இந்த ரெண்டுல எதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரு ஏற்கெனவே சொல்லிட்டாரு. இன்னொரு தடவை நேர்ல கேப்பேன். அதுதான் முடிவு."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பகல் நேரம். நீளமான வார்டின் கடைசியில், ஜன்னலோரம், ராஜா காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். சவரம் செய்யாத முகம். இத்தனை காலம் கூட வேலை செய்தும், அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை.

"வா வரி. உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மறந்துட்டீங்களா, நிறுத்துனீங்களா?"

"யாரைப் பாத்து என்ன கேக்குறே?" அவருடைய குரல் வார்டு முழுக்கக் கேட்டது, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னிக்காவது உன்கிட்ட ஒரு வரி வாங்கியிருக்கேனா நான்? இப்பவும் சொல்றேன், கேட்டுக்கோ." படுத்தபடியே அரசனின் கடைசிப் பேச்சைத் தொடங்கினார். அடேயப்பா, என்ன குரல்! மருந்து கொண்டுவந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். "எவன் நீரைக் கெடுத்தானோ அவனை மண் ஏற்றுக்கொள்ளட்டும்" என்றார். நிறுத்தினார்.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது பார்க்கப் பாதங்கள் இல்லை, முகம்தான் இருந்தது. முதலில் அதில் அரசன் இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அரசன் போய்விட்டான். கூட்டத்தில் கைப்பிடி நழுவிய குழந்தை அங்கும் இங்கும் பார்ப்பதுபோல அந்தக் கண்கள் கூரையில் எதையோ தேடின. அவளுடைய உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துவிட்டுப் போய்விட்டாள்.

"சொல்லேன்" என்றார் ராஜா. "சொல்லும்மா."

அவள் குனிந்து அவர் காதோரம் சொன்னாள். "என் தீர்ப்பு எனக்கும் உண்டு."

"ஆமா" என்றார். "ஆமா, அதான்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். போன வருஷத்திலிருந்தே அப்படி என்றார். பெயர்கள்தான் முதலில் போயின. வசனம் போகாது என்று நம்பிக்கொண்டிருந்தார். அன்று மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்ததும் எல்லாம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. இன்னொரு காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. "எலும்பு போனா போகட்டும், வரி. 'விழுந்துட்டார்'னுதான் சொல்லுவாங்க. இது வெளிய தெரிஞ்சா, 'மறந்துட்டார்'னு சொல்லுவாங்க." அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீ சொல்லிடுவியா?"

"அது உங்க வாயால வரவேண்டியது சார். நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

முடிவு சொல்லும் நாளில் ராஜாவைச் சக்கர நாற்காலியில் அரங்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரியிருந்தார். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வரியக்காவும் எழுந்து நின்றாள். வக்கீல் அம்மா கேட்டார்: "அந்த இடத்துல வசனம் உங்களுக்கு மறந்துபோச்சா?"

ராஜா தலையைத் திருப்பிக் கடைசி வரிசையில் இருந்த அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. ஒரு தலையாட்டல் போதும், ஒரு சொல் போதும், நடுவில் எழுந்து 'ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு கேளுங்க மேடம்' என்றால் போதும். தம்பி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் நடந்தது அவனுக்குத் தெரியும். அவனிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

"மறக்கல" என்றார் ராஜா. தெளிவாக, பிசிறில்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நிறுத்தினேன்."

வக்கீல் அம்மா வரியக்காவைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு வழியும் இருந்தது. "இல்ல மேடம்" என்றாள் அவள்.

முடிவை வாசித்தார்கள். பாதாளத்தின் மேல் குற்றமில்லை, மறுநாளே வேலைக்குத் திரும்பலாம். வசனம் எடுத்துக்கொடுக்கும் பணியிலிருந்து அவளை நீக்க வேண்டும். இனி எந்த மேடையிலும் சைகை பல்பு மூலமாகவே தரப்பட வேண்டும். மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசை மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தம்பி வெடித்தான். "பொய் சொல்றான்க்கா அந்த ஆளு! பச்சைப் பொய்!"

"தெரியும்."

"எனக்காக ஊரையே ரெண்டாக்கினியே! உனக்குன்னு வரும்போது வாயைத் திறக்கலையே, ஏன்?"

சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கடந்து போக இடைவெளி பார்த்துக்கொண்டே அவள் பதில் சொன்னாள். "நான் கேட்டது உனக்கு. அது கெடைச்சுது."

"அது போதுமா?"

"அவரு வாய் அவரு சொன்னதைக் கேக்கல. சொல்லுன்னாரு, சொல்லல. என் வாயும் நான் சொன்னதைக் கேக்கல. நான் சொல்லுன்னே சொல்லல, அது சொல்லிடுச்சு. இதுல நான் போய் அவரைக் காட்டிக் குடுத்து என்ன ஆகப்போகுது? அவருகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு பேருதான்."

"உன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

ஒரு லாரி கடந்து போனது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு காலால் கல்லைத் தள்ளினான்.

"எனக்கு இது நியாயமாப் படலக்கா."

"எனக்கும்தான் படல" என்றாள். வண்டிகளுக்கிடையே கொஞ்சம் இடம் கிடைத்தது. அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.